இரவல் சீப்பு

ஜூன் 8

அன்புள்ள அத்தைக்கு,

கர்த்தருடைய தயவால் நாங்கள் மூவரும் சுகம். நீங்கள் பார்த்துக்கொள்ளப் போன அண்ணிக்கு ஆபரேஷன் தையல் பிரித்தாகிவிட்டதா? எழுந்து நடக்கிறார்களா? உங்கள் காதுக் கருவியும் அதன் பெட்டிக்குள் சௌக்கியமாக இருக்கும் என்று நம்புகிறேன். அது காதில் இருந்தால் போனிலேயே பேசிவிடுவேன். போன ஞாயிறு நான் கத்தியதில் மாடி வீட்டுக்காரருக்கு நம் குடும்ப விஷயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. உங்களுக்குத்தான் ஒன்றும் போய்ச் சேரவில்லை. ஆகவே கடிதம்.

குட்டிக்குக் கழுத்து நன்றாக நின்றுவிட்டது. நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தின் சாமான் அறையில், மாதிரிப் பாட்டில்களுக்கு நடுவே உட்கார்ந்து பம்ப் வைத்துப் பால் எடுக்கிறேன். கூட வேலை செய்யும் அக்கா கதவுக்கு வெளியே காவல். "சீக்கிரம் வா, உன் கிணறு வத்தவே வத்தாதா?" என்று கேலி வேறு.

விஷயத்துக்கு வருகிறேன். எடுத்த பாலைச் சிறு பைகளில் கட்டி, தேதி எழுதி ஃப்ரீசரில் வைக்கிறேன். எதற்கும் சீட்டு ஒட்டுவது என் தொழில் புத்தி. கொஞ்ச நாளாகப் பைகள் குறைகின்றன. குட்டி குடித்ததுபோக இருக்க வேண்டியது இல்லை. பகலில் வீட்டில் இருப்பது ஆயா மட்டும். நீங்கள் எங்களோடு இருந்த மாதங்களில் அவள் கை நீளமா, சுத்தமா என்று கவனித்தீர்களா? தாய்ப்பாலை யார் திருடுவார்கள் என்று நீங்கள் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொன்று. பிரசவ வார்டில் எனக்கு அடுத்த கட்டிலில் இருந்தாளே, மஞ்சள் போர்வைக்காரி, அவளைப் பற்றி ஏதாவது தெரியுமா? சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய்விட்டாள். என் சீப்பு அவளிடம் இருக்கிறது.

குட்டியின் முத்தங்களுடன்,
உங்கள் மருமகள்


ஜூன் 17

பிரியமான மருமகளுக்கு அத்தை எழுதுவது.

ஆண்டவர் உன்னையும் பிள்ளையையும் கண்ணின் மணியைப்போல் காப்பாராக. இங்கே உன் அண்ணி எழுந்து நடக்கிறாள். கூடவே என்னை அதட்டுகிறாள், ஆகவே குணமாகிவிட்டாள் என்று அர்த்தம். எனக்கு முழங்கால்தான் படி ஏறவிடமாட்டேன் என்கிறது. காதுக் கருவி சீட்டியடிக்கிறது, அதனால் பெட்டியில் இருப்பதே அதற்கும் எனக்கும் நல்லது.

குழந்தைக்குக் கழுத்து பிசகி உரம் விழாமல் தூக்கு. நீ வேளைக்குச் சாப்பிடு. தாய் சாப்பிட்டால்தான் பிள்ளைக்கு. வளரும் பிள்ளை ஒருநாள் போல் ஒருநாள் குடிக்காது, கூடத்தான் குடிக்கும். ஆயா நல்லவள்.

என் மகன் காலையில் நடக்கப் போகிறானா? போகட்டும், தடுக்காதே. அவன் அப்பாவுக்கும் இந்த வயதில்தான் தொப்பை விழுந்தது.

இங்கே போதகர் மூன்று ஞாயிறாகக் கொடுப்பதைப் பற்றியே பேசுகிறார். கொடுக்கிற பாத்திரம் வற்றாது என்றார். உனக்கு எழுதத் தோன்றியது. வேறு ஒன்றும் இல்லை.

என்றும் உனக்காக ஜெபிக்கும்
அத்தை


ஜூலை 2

அன்புள்ள அத்தைக்கு,

குட்டி சுகம். நான் அவ்வளவு சுகம் இல்லை.

நான் இரண்டு கேள்வி கேட்டேன். நீங்கள் முழங்காலையும் தொப்பையையும் பற்றிப் பதில் எழுதியிருக்கிறீர்கள். கூடவே பிரசங்கம். கொடுப்பதைப் பற்றி எனக்கு ஏன் இப்போது எழுதத் தோன்றியது? நான் யாருக்கு என்ன கொடுக்காமல் விட்டேன்?

ஆயாவை நிறுத்திவிட்டேன். வெள்ளிக்கிழமை மாலை அவள் கிளம்பும்போது "பையைக் கொஞ்சம் காட்டறீங்களா?" என்று கேட்டேன். எவ்வளவு மெதுவாகக் கேட்க முடியுமோ அவ்வளவு மெதுவாக. அவள் பையை அப்படியே வாசல் தரையில் கவிழ்த்தாள். துண்டு, மூக்குக் கண்ணாடி, பாதி பிஸ்கட் பாக்கெட். "பையைத் தெறந்து காட்டிட்டேன். வயித்தையும் தெறந்து காட்டட்டுமா?" என்றாள். உங்கள் மகன் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தார். அவள் போனபிறகு மட்டும், "அவசரப்பட்டுட்ட" என்றார். முன்பே சொல்லியிருக்கலாமே?

ஆயா போய் ஒரு வாரம். நான் விடுப்பில் வீட்டில் இருக்கிறேன். நேற்றும் இரண்டு பைகள் இல்லை.

அப்படியென்றால் வீட்டில் பாக்கி இருப்பது யார்? நானும் குட்டியும், அப்புறம் உங்கள் மகனும். தெருமுனைக் கடைக்குக்கூட வண்டி எடுக்கிற மனிதர் தினமும் விடியலில் நடக்கப் போகிறார். நீங்கள் அதையும் முன்கூட்டியே எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு யார் சொன்னது?

பதிலை எதிர்பார்த்து,
மருமகள்


ஜூலை 9

பிரியமான மருமகளுக்கு,

சமாதானம் உண்டாவதாக.

ஆயா எடுக்கவில்லை. அவளைத் திரும்பக் கூப்பிடு. நாளைக்கே கூப்பிடு. எனக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்காதே, கண்ணு. உனக்குக் கோடிப் புண்ணியம்.

அவள் பை கவிழ்ந்ததைப் படித்தபின் இரண்டு வேளை எனக்குச் சோறு இறங்கவில்லை.

அத்தை


ஜூலை 20

அத்தைக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. மன்னிக்கவும்.

கேட்காதே என்றால் நான் கேட்காமல் இருக்கும் ஆளா? உங்களுக்குத் தெரியாதா? கேட்காமலே கண்டுபிடித்துவிட்டேன்.

நடக்கப் போகிறவருக்கு எதற்குப் பிளாஸ்க்? "தண்ணிதான்" என்றார். குனிந்து முகர்ந்து பார்த்தேன், என் பால் எனக்குத் தெரியாதா? அடுத்த நாள் குட்டியைத் தோளில் போட்டுத் துப்பட்டாவால் இறுகக் கட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். இப்படி ஒரு வேலை செய்வேன் என்று நானே நினைத்ததில்லை. பின்தெரு, சைக்கிள் பழுதுபார்க்கும் கடை, அதன்மேல் ஒற்றை அறை. இரும்புப் படி. மேலே போனவர் கொஞ்ச நேரத்தில் பிளாஸ்கை வீசிக்கொண்டு இறங்கினார். காலிப் பிளாஸ்க் வீசும் விதமே வேறு. நான் கடைக்குப் பக்கத்தில் நின்ற லாரிக்குப் பின்னால். குட்டி நல்லவேளை தூங்கிக்கொண்டிருந்தாள்.

அந்த அறையின் ஜன்னலில் என்ன காய்ந்துகொண்டிருந்தது தெரியுமா? மஞ்சள் போர்வை. ஓரத்தில் நீல நூலில் தைத்த கிழிசலோடு. அந்தத் தையலை நான் எத்தனை நாள் பக்கத்துக் கட்டிலில் இருந்து பார்த்தேன்! தூங்காமல் கிடந்து இருவரும் பேசிக்கொண்டே இருப்போம். அவளுக்கு இடுப்பைத் தொடும் முடி. பிரசவத்துக்கு வரும் அவசரத்தில் சீப்பை மறந்துவிட்டு வந்தாள். என்னுடையதைக் கொடுத்தேன். "ஊருக்கே தெரியும் நான் மறதிக்காரின்னு. பிள்ளையை மறக்காம எடுத்துட்டுப் போனா சரி" என்று சிரித்தாள்.

அப்படிச் சிரித்தவள் இப்போது என் பாலையும் வாங்கிக்கொண்டு என் புருஷனையும் படியேற வைக்கிறாளா? இந்தத் தொடர்பு வார்டிலேயே ஆரம்பித்ததா? நீங்கள் அங்கேதானே பகலெல்லாம் உட்கார்ந்திருந்தீர்கள்? உங்களுக்குத் தெரிந்தே நடக்கிறதா? தினமும் ஜெபம் செய்கிற வாயால் நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் மகனிடம் நான் இன்னும் கேட்கவில்லை. அவர் பொய் சொன்னால் தாங்கமாட்டேன். உங்கள் பதில் வந்தபிறகு குட்டியோடு எங்கே போவது என்று முடிவு செய்வேன்.


ஜூலை 27

என் மகளே,

மருமகள் என்று எழுத இன்று கை வரவில்லை. உட்கார்ந்து படி. குழந்தையைக் கீழே விட்டுவிட்டுப் படி.

அந்தப் பெண் வீட்டுக்குப் போகவில்லை. நீ குளித்துவிட்டு வந்தபோது கட்டில் காலியாக இருந்ததே, அப்போது அவளைத் தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். இரத்தப் போக்கு நிற்கவில்லை. இரண்டு நாள் போராடினாள். ஆண்டவர் எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போய்விட்டாள் என்று உன்னிடம் சொன்னது நான். நீ கருவுற்ற நாள் முதல் குழந்தை அசைந்தாலும் பயம், அசையாவிட்டாலும் பயம் என்று இருந்தவள். பச்சை உடம்பு. உன் பக்கத்தில் படுத்துப் பேசிக்கொண்டிருந்தவள் போய்விட்டாள் என்று கேட்டால் பால் நின்றுவிடும், நீயே படுத்துவிடுவாய் என்று பயந்தேன். வார்டில் எல்லோரிடமும் வாயைக் கட்டச் சொன்னேன். உன் புருஷனிடம் சத்தியம் வாங்கினேன்.

அன்றைக்குத் தாழ்வாரத்தில் அந்தப் பெண்ணின் புருஷன் பிள்ளையை வைத்துக்கொண்டு நின்றான். மாவுப் பால் ஒத்துக்கொள்ளவில்லை, குடித்ததெல்லாம் சட்டையில். என் காதைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. அழும் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அந்தச் சின்ன வாய் திறந்து திறந்து மூடுவது மட்டும் தெரிந்தது. சத்தம் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

உனக்கோ பால் பீறிட்டுத் துணியெல்லாம் நனைந்தது. நீ எடுத்துவைத்ததில் இருந்து நான்தான் கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தேன். நான் இருந்தவரை உன் ஃப்ரீசர் என் பொறுப்பில் இருந்தது, அதனால் உனக்குத் தெரியவில்லை. கிளம்பும்போது அவனிடம் ஒப்படைத்தேன். உன் புருஷனுக்கு ஒரு காரியத்தை மறைத்துச் செய்யச் சாமர்த்தியம் போதாது. அதற்காகச் சந்தோஷப்படு.

ஏன் உன்னைக் கேட்கவில்லை என்பாய். வலது கை செய்வதை இடது கை அறிய வேண்டாம் என்று வேதத்தில் இருக்கிறதே என்று என்னையே தேற்றிக்கொண்டேன். அது மட்டும் இல்லை. உண்மையையே எழுதிவிடுகிறேன். நீ மாட்டேன் என்று சொல்லிவிடுவாயோ என்று பயம். அந்தச் சீப்பை என்னிடம் மூன்று தரம் கேட்டுவிட்டாய். ஒரு சீப்புக்கு இப்படிக் கேட்பவள் பாலைக் கொடுப்பாளா என்று எண்ணினேன்.

ஆயாவை உடனே போய்ப் பார். அந்தப் பாவம் உன்னுடையது இல்லை, என்னுடையது.

அத்தை


ஆகஸ்ட் 14

பிரியமான மருமகளுக்கு,

சுகமா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

தபால்காரர் நம் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறார். திட்டியாவது எழுது. அந்தத் தாயில்லாப் பயல் பால் குடிக்கிறானா என்று ஒரு வரி எழுதினாலும் போதும். என் மகனுக்குப் போன் செய்தேன். அவன் ஏதோ சொன்னான், எனக்குக் கேட்கவில்லை.

அத்தை


ஆகஸ்ட் 23

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் சுகம். குட்டிக்குக் கீழ் ஈறில் வெள்ளையாக ஒன்று தெரிகிறது. பால் நிற்கவில்லை. உங்கள் கணக்கு அதிலும் தப்பு.

முதலில் அழுதேன். ஐந்து மாதம் கழித்து ஒருத்திக்காக அழுவது எவ்வளவு கேவலம் தெரியுமா? போர்வையைப் பார்த்து அவளை என்னவெல்லாம் நினைத்தேன்! ஒரு செத்தவள்மேல் பொறாமைப்பட வைத்துவிட்டீர்கள்.

அப்புறம் உங்கள் மகனைப் பிடித்தேன். "அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க" என்றார். "தாலி கட்டும்போது எனக்குப் பண்ணின சத்தியம் என்னாச்சு?" என்றேன். பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "சரி, அந்தப் பிளாஸ்கைக் கொதிக்க வெச்சீங்களா?" "கழுவினேன்." "கழுவினீங்களா, கொதிக்க வெச்சீங்களா?" "வெந்நீர்ல கழுவினேன்..." தண்ணீரில் கிருமி தேடும் வேலை பார்ப்பவள் வீட்டில், தாயில்லாப் பிள்ளைக்கு டீ ஊற்றிய பிளாஸ்கில் பால் போயிருக்கிறது. இதற்காகவாவது என்னிடம் சொல்லியிருக்க வேண்டாமா?

வசனத்தைச் சொல்லித் தேற்றிக்கொண்டேன் என்று எழுதியிருந்தீர்கள். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது, சரி. பால் சுரந்த மார்புக்கே தெரியக்கூடாது என்று எங்கே இருக்கிறது? நீங்கள் கொடுத்தது உங்களுடையதா? கேட்டிருந்தால் நான் கொடுத்திருப்பேன் என்று இப்போது எழுத ஆசை. ஆனால் எழுத முடியவில்லை. ஒருவேளை மாட்டேன் என்றிருப்பேன். குட்டிக்குப் போதாதோ, அந்தப் பிள்ளைக்கு ஏதாவது நோயோ என்று நூறு பயம் பயந்திருப்பேன். எது என்று இனி எனக்கே தெரியப்போவதில்லை. என் கோபமெல்லாம் அதில்தான்.

ஆகவே உங்கள் மகனை ஃப்ரீசரைத் தொடவிடவில்லை. இரண்டு நாள். நீங்கள் பதறுவீர்கள், பதறுங்கள். என்னுடையது என்று சொல்லிப் பார்க்க அந்த இரண்டு நாள் எனக்கு வேண்டியிருந்தது. இரண்டாம் நாள் முழுக்க, நீங்கள் எழுதிய அந்தத் திறந்து மூடும் வாய் கண்ணிலேயே நின்றது. எனக்குச் சத்தமும் கேட்டது. மூன்றாம் நாள் விடிந்ததும் பாத்திரத்தில் தண்ணீர் வைத்துப் பிளாஸ்கைக் கொதிக்கப் போட்டேன். அது கொதித்துக்கொண்டிருக்கும்போதே கதவு தட்டும் சத்தம்.

மஞ்சள் போர்வைக்காரியின் கணவர்தான். தோளில் பையன். குட்டியின் வயதுதான், பாதி எடைகூட இல்லை. கண் மட்டும் முகம் முழுக்க. அவர் பால் கேட்கவில்லை. "சார் ரெண்டு நாளா வரலை. உங்களுக்கு உடம்பு சரியில்லையோன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். "நீங்க குடுத்து அனுப்புறதாலதான் இவன் இருக்கான். தினம் ஜெபத்துல மொதல்ல உங்களைத்தான் சொல்றேன். அம்மா சொன்னாங்க, நீங்க மனசாரக் குடுக்கறீங்கன்னு."

அத்தை, அப்படியா சொல்லியிருக்கிறீர்கள்? நான் கொடுக்காததற்கு ஐந்து மாதம் எனக்கு நன்றி போய்க்கொண்டிருந்திருக்கிறது. அதுவும் நான் பூட்டிவைத்த இரண்டு நாளும் சேர்த்து. எங்கே ஒளிவது என்று தெரியவில்லை.

பையன் என் தோளைப் பார்த்து வாயைத் திறந்தான். வாங்கிக்கொண்டேன். அவர் முன்னறையில் உட்கார்ந்தார், உங்கள் மகன் அவருக்குக் காபி போட்டார். நான் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். அதற்குமேல் உங்களுக்கு எழுதமாட்டேன். அது எனக்கும் அவனுக்கும்.

வெளியே வந்தபோது அவர் சட்டைப் பையில் இருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். சுத்தமான வெள்ளைத் தாள், நான்காக மடித்தது. "உங்க சீப்பு. அவ உள்ள போறதுக்கு முன்னால, இது இரவல், ஞாபகமாத் திருப்பிக் குடுத்துருங்கன்னா. எப்படிக் கொண்டு வர்றதுன்னு தெரியாம வெச்சிருந்தேன்."

மறதிக்காரி. அதை மட்டும் மறக்கவில்லை.

பிரித்துப் பார்த்தேன். பற்களுக்கு நடுவே நீளமாக ஒரு முடி சுற்றியிருந்தது. திரும்ப மடித்து அவர் கையிலேயே வைத்தேன். "என்னுது இல்லைங்க. பையனுக்கு வெச்சிருங்க" என்றேன். அவர் புரியாமல் என்னைப் பார்த்தார். தாளைப் பிரித்துப் பார்த்தார். முடி கலையாமல் மெதுவாகத் திரும்ப மடித்தார்.

நான் சீப்பையா கேட்டேன், அத்தை? அவள் நன்றாக இருக்கிறாளா என்று ஒவ்வொரு தரமும் கேட்டேன். வார்டில் நாலு நாள் பழகியவளை நினைத்து ஏங்குகிறேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள் என்றுதான் சீப்பைச் சாக்கு வைத்தேன். நீங்கள் என்னைக் கணித்தீர்கள், நான் உங்கள் மகனைக் கணித்தேன், நடுவில் ஆயாவின் பை கவிழ்ந்தது.

ஆயா வீட்டுக்குப் போனேன். "மன்னிப்புக் கேக்க வந்தீங்களா, ஆள் கெடைக்காம வந்தீங்களா?" என்றாள். "ரெண்டும்" என்றேன். "அப்ப மொதல்ல மன்னிப்பைக் கேளுங்க. உள்ள வந்து இல்ல. இங்கயே, வாசல்ல வெச்சு. என் பை உங்க வாசல்லதான கவுந்துச்சு?" அக்கம்பக்கம் பார்க்கக் கேட்டேன். திங்கள் முதல் வருகிறாள். பயலையும் பகலில் இங்கேயே விடச் சொல்லியிருக்கிறேன்.

அவன் பால் குடிக்கிறான். நீங்கள் கேட்ட ஒரு வரி அது.

மருமகள்


செப்டம்பர் 1

பிரியமான மருமகளுக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணியை விட்டு உரக்க வாசிக்கச் சொன்னேன். காதுக் கருவியை மாட்டிக்கொண்டு கேட்டேன். சீட்டியடித்தது, கழற்றவில்லை.

மனசாரக் கொடுக்கிறாள் என்று அந்தப் பிள்ளையின் அப்பாவிடம் சொன்னது உண்மைதான். பொய் என்று தெரிந்தே சொன்னேன். அந்தப் பொய்யாவது உன்னைப் பற்றி நல்லதாக இருக்கட்டுமே என்றுதான். ஆனால் என் மனதுக்குள் உன்னைக் கருமி என்றுதான் வைத்திருந்தேன். இத்தனை வருடமாகக் காணிக்கைப் பை எனக்கு முன்னால் வந்தால் முதல் ஆளாகப் போடுகிறவள் நான். அடுத்தவளைப் பற்றி நல்லதாக ஒரு எண்ணம் போட மட்டும் கை வரவில்லை.

உன் அண்ணிக்கு இனி நான் தேவைப்படவில்லை. ஆகவே உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உன்னைக் கேட்டு நான் செய்யும் முதல் காரியம் இதுதான் என்று இப்போது தெரிகிறது. மாட்டேன் என்றாலும் வருத்தம் இல்லை, யோசித்தே சொல்.

நான் அங்கே வரலாமா?

அத்தை


செப்டம்பர் 9

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் ஐவரும் சுகம். ஐவர் என்று எழுதும்போதே ஆயா எட்டிப் பார்த்து, "என்னையும் சேத்தாச்சா?" என்கிறாள்.

மாட்டேன் என்று ஒருதரம் எழுதிப் பார்க்க ஆசையாக இருந்தது. எழுதியும் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். இது இரண்டாவது தாள்.

வாருங்கள். காதுக் கருவியைக் காதிலேயே வைத்துக்கொண்டு வாருங்கள். இரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் அழும்போது எனக்கு மட்டும் கேட்டால் போதாது.

ஃப்ரீசரைத் திறக்கும்முன் கேளுங்கள். சமயத்தில் இல்லை என்றும் சொல்வேன்.

உங்கள் மருமகள்